ஆவணியில் பார்த்த காடு

எங்கள் வயதுக்காரர் நான்கு பேர் ஓரிடத்தில் இருந்தால் பேச்சு மருந்துக் குளிசையில் தொடங்கிக் குளிசையில்தான் முடியும். என் கணக்கு காலையில் ஐந்து, இரவில் மூன்று. போன மாதம் அப்படியொரு பேச்சின் நடுவே உங்களில் ஒருவர், பேரனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்கு மான் பார்க்கப் போனதாகவும் ஒன்றையும் காணவில்லை என்றும் சொன்னார். எந்த மாதம் போனீர்கள் என்று கேட்டேன். ஆகஸ்ட் என்றார். “ஆவணியில் காட்டைப் பார்த்து என்ன தெரியும்?” என்று கத்தியே விட்டேன். எல்லாரும் தேநீரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அந்தக் கத்தல் எங்கிருந்து வந்தது என்று அன்று சொல்ல வாய் வரவில்லை. எழுத வருகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதின்மூன்று வயது. இல்ஃபோர்டில், ரயில் பாதைக்குப் பின்னால், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், முன்னறையில் வாடகைக்கு இரண்டு மாமாமார். ஐந்து பேருக்கு ஒரு குளியலறை. அப்பா கணக்காளர் படிப்புக்கு வந்தவர். சோதனை நான்கு முறை எழுதி நான்கு முறையும் கோட்டைவிட்டுப் பெற்றோல் நிலையத்தில் நின்றார். எண்ணுகிற பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. கோபமும் வந்திருக்கும், அதை நான் குளிசையால் அடக்கி வைத்திருக்கிறேன்.

அந்த வருடம் நான் மூன்று இடங்களில் அடி வாங்கினேன். பள்ளிக்கூடக் கழிவறையில். பஸ் தரிப்பிடத்தில், தலை மழித்துப் பெரிய பூட்ஸ் போட்ட பெடியன்களிடம். பிறகு வீட்டில். பூட்ஸ் பெடியன்கள் ஒருநாள் என் கண்ணாடியை நிலத்தில் போட்டு மிதித்து, அதன் மேல் என் முகத்தை வைத்து அழுத்தினார்கள். கன்னத்தில் இரத்தத்தோடு வீட்டுக்குப் போனேன். அப்பா கண்ணாடியைப் பற்றிக் கேட்டார். கன்னத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பெல்ட்டைக் கழற்றினார். மண்ணிறத் தோல், பித்தளைக் கொளுவி. அந்தக் கொளுவி மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டாலே எனக்குக் கால் நனையும்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, அந்த வருடம் வைகாசியில் வந்தார். இருவரும் வன்னியில் பிறந்தவர்கள். படிக்கக்கூடியவன் என்று அப்பாவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். சித்தப்பா வயலோடும் வேட்டைத் துவக்கோடும் நின்றுவிட்டார். ஆமி அவரை இரண்டு முறை பிடித்து, இரண்டாம் முறை காலில் கம்பியால் சுட்டு விட்டிருந்தது. மூன்றாம் முறைக்கு முன் ஓடி வந்துவிட்டார். அகதி விண்ணப்பம் குரோய்டனில், குடிவரவுக் கந்தோரில், கிடந்தது. அவரோடு வந்து, ஏதோ அடிபிடியில் பொலிசில் அகப்பட்ட ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் விமானத்தால் இறங்கியவரை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. அம்மா காலையில் சித்தப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் சொல்லுவார். “தம்பி, உங்கடை கேஸ் முடியுமட்டும் பொலிஸ்காரன்ரை கண்ணிலை படக்கூடாது. றோட்டைக் கடக்கிறதெண்டாலும் லைற்றைப் பாத்துக் கடவுங்கோ.”

“ஓம் அண்ணி,” என்பார் சித்தப்பா. அவருக்கு ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை தெரியும். தாங்க் யூ. அவருடைய வாயாக நான் இருந்தேன். பஸ்சில், கடையில், தபாற்கந்தோரில், எங்கே போனாலும் அவருக்குப் பக்கத்தில் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறை மாமாமாரும் அப்பாவின் வேலைத்தலத்து ஆட்கள் இருவரும் முந்நூற்றுநாலு என்ற சீட்டு விளையாடுவார்கள். ஒரு ஞாயிறு, எசெக்ஸ் பக்கத்துப் பண்ணையிலிருந்து உயிர்க்கோழி ஆறு வாங்கி வந்தார்கள். குளியல் தொட்டிக்குள் விட்டு, கத்தியை அப்பாவிடம் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்தானே வெட்ட வேண்டும். அப்பா முதற் கோழியின் கழுத்தைப் பிடித்தார். அது அவருடைய கையைப் பார்த்துக் கொக்கரித்தது. கை நடுங்கிக் கத்தி தொட்டிக்குள் விழுந்தது. மனிதரை அடிக்கிற அந்தக் கை.

“என்ன அண்ணை, பெல்ட்டைக் கழட்டித் தரட்டோ?” என்றார் பெரிய முன்னறை மாமா. வீடே சிரித்தது.

சித்தப்பா சேட்டுக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். ஆறு கோழியையும் ஒரு சத்தமில்லாமல் முடித்தார். ஒவ்வொன்றின் கண்ணையும் பெருவிரலால் மூடிவிட்டு அடுத்ததை எடுத்தார். வெள்ளைத் தொட்டியின் ஓட்டையில் இரத்தம் சுழன்று இறங்கியதை நான் கதவிடுக்கால் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியில் குளிக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

சாப்பாட்டு மேசையில் பேச்சு வேட்டைக்குத் தாவியது. சித்தப்பா மரை, பன்றி, புள்ளிமான் என்று சொல்லத் தொடங்கினார். பெரிய முன்னறை மாமா சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டார். “வேட்டைக்காரர் லண்டனிலை என்னத்தைச் சுடப்போறார்? பக்கத்து வீட்டுப் பூனையையோ?”

“பூனைக்கு இருக்கிற உரிமை இவருக்கு இல்லையடாப்பா. பூனையைத் திருப்பி அனுப்பேலாது,” என்றார் சின்னவர்.

சித்தப்பா சிரிக்கவில்லை. “கார்த்திகை பிறக்கட்டும். இந்த மேசையிலை மான் இறைச்சி வைக்கிறன். வைக்காட்டி மீசையை எடுக்கிறன்.”

நவம்பரைத்தான் எங்கள் ஆட்கள் கார்த்திகை என்போம், அவர் அதைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பெற்றோல் நிலையத்தோடு ஒட்டிய கராச்சில் ஒரு வெள்ளைக்கார மெக்கானிக் இருந்தார். லண்டன் முடிகிற இடத்தில் தனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவரின் காட்டில் மான் பெருகிப் பயிரைத் தின்கிறது, பெட்டை மானை நவம்பர் முதலாம் தேதியிலிருந்து சுடலாம், வேண்டுமென்றால் தன் இரட்டைக்குழல் துவக்கைத் தருகிறேன் என்று அப்பாவிடம் பீற்றியிருந்தார். அனுமதிப்பத்திரம் அவர் பேரில். அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

அம்மா மட்டும் எடுத்தார். “குரோய்டனிலை கேஸைப் போட்டிட்டுத் துவக்கைத் தூக்கப் போறியளோ? விசரோ உங்களுக்கு?”

அப்பா சோற்றுக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தார். குழம்பு சுவர்க் கடதாசிப் பூக்களின் மேலால் இறங்கியது. “அவன் சொல்லிப்போட்டான், செய்வான். என்னைச் சிரிச்சவங்கள் என்ரை தம்பியின்ரை கையாலை சாப்பிடட்டும்.” பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பி, “செய்யாட்டி இந்த வீட்டிலை உனக்குப் பாய் இல்லை,” என்றார்.

வன்னியில் காடு பார்க்கிற காலம் ஆவணி. மழை இல்லாமல் குளங்கள் வற்றி, நடுவில் சேற்றுத் தண்ணீர் மட்டும் மிஞ்சுகிற மாதம். தண்ணீர் மிஞ்சிய இடத்துக்கு மிருகம் வந்தே ஆகவேண்டும். தடம் பார்த்து, காற்றுப் பார்த்து, மரம் தெரிந்து பரண் கட்டிவிட்டால் வேட்டைக்காலம் முழுவதும் அங்கேயே இருந்து சுடலாம். அந்தக் காடு கார்த்திகையிலும் பச்சை, மாசியிலும் பச்சை.

“ஆவணியிலை ஒருக்காப் பாத்தால் காணும். பிறகு காடு எங்கை போகப்போகுது?” என்றார் சித்தப்பா. அவர் வந்தது வசந்தத்தில். இந்த நாட்டு மரம் ஒன்று இலை கொட்டி நின்றதை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை. அப்பா பத்து வருடம் பார்த்தவர். ஆனால் பார்த்ததை எல்லாம் பார்த்தது என்று சொல்ல முடியாது.

ஆவணியில் நானும் சித்தப்பாவும் பஸ் ஏறினோம். கடைசித் தரிப்பிடத்திலிருந்து ஒரு ஒடுங்கிய ஒழுங்கை போகும். அதில்தான் முதல்முறை அந்தக் குதிரையைக் கண்டோம். சாம்பல் நிறம், மூக்கு மட்டும் வெள்ளை. ஒரு முதிய வெள்ளைக்காரப் பெண் அதைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். நல்ல காலை என்றார். நானும் சொன்னேன். சித்தப்பா தாங்க் யூ என்றார். என் கையிலிருந்த அப்பிள் துண்டைக் குதிரைக்கு நீட்டினேன். அதன் உதடு உள்ளங்கையில் ஈரமும் முள்ளுமாகப் பட்டது. அந்த ஸ்பரிசம் இன்னும் கையில் இருக்கிறது. இரண்டு நாள் கை கழுவவில்லை.

ஒழுங்கையிலிருந்து காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து போயிற்று. தலைக்கு மேல் இலை, பக்கத்தில் இலை. பன்னச் செடியும் முட்செடியும் ஆளுயரம். இருபது நிமிடம் நடந்ததும் நாங்கள் ஒரு பெரிய காட்டின் நடுவுக்கு வந்துவிட்டோம் என்றே நினைத்தோம். அங்கே ஒரு சிறு குட்டை, கரையெல்லாம் குளம்புத் தடம். சித்தப்பா குந்தியிருந்து தடத்துக்குள் விரலை வைத்துப் பார்த்தார். உதிர்ந்த கொம்பு ஒன்றும் கிடந்தது. உள்ளங்கையை விரித்தது போன்ற கொம்பு. அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோக, செத்த சாமான் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா குப்பையில் போட்டார்.

குட்டைக்கு அப்பால் ஒரு வெளி. வெளியின் எல்லையில் நீளமாக ஒரு பச்சை மேடு. கொடியும் பன்னமும் மூடி, இரண்டு ஆள் உயரத்துக்கு.

“குளக்கட்டு!” என்றார் சித்தப்பா. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. “பாத்தியோ, எங்கடை ஊரிலை இருக்கிறது போலை. கட்டைப் பாத்துத்தான் சுடோணும். தவறின வெடி மண்ணுக்குள்ளை போயிடும். ஒருத்தருக்கும் காயமில்லை.”

“ஏறிப் பாப்பமோ சித்தப்பா?”

“வேண்டாம். மனுச மணம் படிஞ்சால் மான் ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் வராது.”

அவர் கவனமில்லாதவர் அல்ல. அதைத்தான் சொல்ல வருகிறேன். கவனத்தால்தான் அந்த மேட்டில் ஏறவில்லை. குட்டைக்கு இப்பால் ஒரு முதிர்ந்த ஓக் மரத்தின் கவரில், பழைய பலகையும் கயிறும் கொண்டு பரண் கட்டினார். பரணில் ஏறி இருந்தபோது எங்களை இலை முழுங்கிவிட்டது.

ஐப்பசி நடுவில் மறுபடி போனோம். இலைகளில் மஞ்சள் விழத் தொடங்கியிருந்தது, ஆனால் உதிரவில்லை. குட்டைக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று ஏப்பமும் உறுமலுமாகச் சத்தம் போட்டது. இரண்டு கலைமான்கள். கொம்போடு கொம்பு கொழுவிக்கொண்டு ஒன்றையொன்று தள்ளின. நிலம் உழுபட்டது. சிறியது சறுக்கி விழ, பெரியது கொம்பை அதன் விலாவில் இறக்கி எடுத்தது. பிறகு இன்னொரு முறை. விழுந்தது எழும்பப் பார்த்தது. ஒரு கண் வெளியே தொங்கியது. அது தள்ளாடிக்கொண்டு எங்கள் மரத்தின் கீழாலேயே போயிற்று, மூச்சில் இரத்தம் குமிழிட. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“இதை இப்பவே முடிக்கோணும்,” என்றார் சித்தப்பா மெதுவாக. “துவக்கு இருந்தால் முடிச்சிருப்பன்.” பஸ்சை விட்டு இறங்கும்போது, “காயப்பட்ட சீவனை விட்டிட்டு வரக்கூடாது. எங்கடை ஆக்களிலை அது வழக்கமில்லை,” என்றார்.

அதன் பிறகு இரண்டு கிழமை காற்றும் மழையும்.

கார்த்திகை முதல் நாள் விடிகாலை நாங்கள் மூவரும் முதல் பஸ்சில் போனோம். துவக்கைக் கழற்றிப் புற்பாய்க்குள் சுருட்டி அப்பா மடியில் வைத்திருந்தார். தோட்டா அவருடைய கோட் பையில். மெக்கானிக் தன்னிடம் தந்தது, காடு சேருமட்டும் வேறு கையில் கொடுக்கமாட்டேன் என்று அப்பாவும் வந்திருந்தார். பஸ் சாரதி பாயைப் பார்த்துக் கோயிலுக்கா என்று கேட்டார். ஆம் என்றேன்.

விடிந்துகொண்டு வந்தது. எங்கும் பனிப்புகார். ஒழுங்கையில் இறங்கியதும் சித்தப்பா நின்றுவிட்டார்.

“அண்ணை, மரம் எல்லாம் பட்டுப்போச்சே!”

“குளிருக்குக் கொட்டுறதடா. சத்தம் போடாமல் நட.”

“எல்லாமோ?”

“எல்லாம்தான். நட.”

பாதை முன்னையிலும் பார்க்கக் குறுகிவிட்டது போல இருந்தது. நிலத்தில் இலை கணுக்கால் வரை. எங்கள் பரண் வெறும் கொப்பில் காகக் கூடு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். ஆனால் புகார் இலைக்குப் பதிலாக எங்களை மூடியது. குட்டைக்கு அப்பால் அந்த மேடு கறுப்பாக, மங்கலாக, இருந்த இடத்திலேயே இருந்தது. அது அவருக்குப் போதுமாக இருந்தது. அப்பா துவக்கைப் பொருத்தி ஒரு தோட்டாவோடு சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு மரத்தின் கீழே நின்றார். நானும் சித்தப்பாவும் ஏறினோம்.

பெட்டை மான் ஒன்று தனியே வந்தது. குட்டைக்கு அப்பால் வெளியில், மேட்டுக்கு முன்னால், பக்கவாட்டில் நின்றது. சித்தப்பா மூச்சைப் பிடித்தார். அப்பா கீழே காலை மாற்றி வைத்தாரோ என்னவோ, மான் தலை நிமிர்த்தித் துள்ளவும் வெடி கேட்கவும் ஒன்றாக இருந்தது.

மான் விழவில்லை. மேட்டை நோக்கி ஓடியது. ஏறவில்லை. அதற்குள்ளாலே போயிற்று.

“கட்டுக்குள்ளாலை போகுது,” என்றார் சித்தப்பா. “என்னடா, கட்டுக்குள்ளாலை போகுது!”

அடுத்த கணம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல் வந்தது. குதிரை அப்படிக் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மனிதர் கத்துவது போலவும் இல்லை, மிருகம் கத்துவது போலவும் இல்லை. இரும்பை இரும்பால் கிழிப்பது போல.

நாங்கள் ஓடினோம். குளக்கட்டு என்று மூன்று மாதம் நம்பிய இடத்தில் மண்ணே இல்லை. விழுந்து கிடந்த ஒரு கம்பி வேலி, அதன் மேல் ஏறிய கொடி, பட்டுப்போன பன்னம். அவ்வளவுதான். அதற்கப்பால் ஒரு புல்வெளி, புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, வீட்டுக்கு முன்னால் நாங்கள் இறங்கி வந்த அதே ஒழுங்கை. இருபது நிமிடம் வளைந்து நடந்து, ஒழுங்கைக்குப் பின்பக்கத்துக்கே வந்து பரண் கட்டியிருக்கிறோம். புல்லில் சாம்பல் குதிரை முன்னங்கால் முறிந்து, வயிறு கிழிந்து, எழும்பப் பார்த்து விழுந்து, மறுபடி எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளை மூக்கு சிவந்துவிட்டது.

வீட்டில் ஒரு யன்னலில் வெளிச்சம் வந்தது.

அப்பா சித்தப்பாவின் கையிலிருந்து துவக்கைப் பறித்தார். “போ. பெடியனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள்ளாலை போ.”

“விடண்ணை. நான் சுட்டது. நான்தான் முடிக்கோணும்.”

“உன்ரை கேஸ் தெரியுமோடா உனக்கு? பொலிஸ் வந்தால் உன்னைப் பிளேனிலை ஏத்துவான்.”

“ஏத்தட்டும். காயப்பட்ட சீவனை விட்டிட்டு நான் போகமாட்டன். தாங்கோ துவக்கை.”

அவர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அப்பா துவக்கைத் திருப்பினார். மரப்பிடியால் சித்தப்பாவின் வாயில் குத்தினார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், கோழியின் எலும்பு முறிகிற சத்தம். சித்தப்பா முழங்காலில் விழுந்தார். வாயிலிருந்து இரத்தமும் முன்பல் இரண்டும் இலைக்குள் விழுந்தன. அவர் எழும்ப, அப்பா மறுபடி தோளில் குத்தினார். நெஞ்சில் உதைத்தார். “போடா நாயே! போ! உன்னைப் பெத்த வயிறு எரியும், போ!” என்னையும் கழுத்தில் பிடித்துத் தள்ளினார். “கூட்டிக்கொண்டு போ. பஸ்சிலை தமிழ் கதைக்காதை.”

நான் சித்தப்பாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். இலை இருந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. புகாரும் கலைந்துவிட்டது. முழுவதும் தெரிந்தது. வீட்டுக் கதவு திறந்து அந்தப் பெண் இராச்சட்டையோடு ஓடி வந்தார். குதிரையின் தலையை மடியில் எடுத்து வைத்து, கையால் அப்பாவுக்கு ஏதோ காட்டினார். சுடு, சுடு என்றுதான் இருக்கும். அப்பா கோட் பைக்குள் கை விட்டார். தோட்டா கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. கோழிக் கழுத்தைப் பிடிக்க முடியாத அந்தக் கை. மூன்றாம் முறை போட்டு மூடினார். அந்தப் பெண் எழும்பித் தள்ளி நின்றார். வெடி கேட்டது. கத்தல் நின்றது. அப்பா துவக்கைப் புல்லில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். குந்தியிருந்து வாந்தி எடுத்தார்.

பஸ்சில் சித்தப்பா என் கம்பளிச் சால்வையை வாயில் பொத்திக்கொண்டு இருந்தார். சாரதி கேட்டதற்குப் பல் வைத்தியரிடம் போகிறோம் என்றேன். சால்வை நீலம். வீடு வரும்போது கறுப்பாகிவிட்டது. அம்மா அதை அடுப்பில் எரித்தார். அப்பா எங்கே என்று கேட்கவில்லை. சித்தப்பாவின் வாயைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா எப்போதும் அடிக்கிறவர், அன்றும் அடித்தார், அதற்காக அவரைப் பொலிஸ் பிடித்தது நல்லது. அவ்வளவுதான் என் கணக்கு.

துவக்கு தந்த மெக்கானிக் அது களவு போனது என்று சொல்லிக் கைகழுவினார். களவும் அப்பாவின் தலையில் ஏறியது. தானே தனியே போனதாகவும், தானே இரண்டு வெடியும் வைத்ததாகவும் அப்பா சொன்னார். குதிரையை உங்கள் கண் முன்னால் சுட்டது இவரா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்களாம். இவர்தான் என்றாராம். ஆறு மாதம் போட்டார்கள். முன்னறை மாமாமார் இருவரும் அந்தக் கிழமையே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரியவர் போகும்போது, “மான் இறைச்சி எப்பிடியாம்?” என்று கேட்டார். சித்தப்பா அன்று மீசையை எடுத்தார். மீசை இல்லாமல், முன்பல் இல்லாமல், வேறொருவர் போல இருந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பா வெளியே வந்த பிறகும் மாறவில்லை. பெல்ட் அதே ஆணியில்தான் தொங்கியது. என்னை அடித்த கடைசி நாள் எனக்குப் பதினாறு வயது. சித்தப்பாவின் கேஸ் வென்றது அப்பா வெளியே வந்த வருடம் ஆனியில். பிறகு டூட்டிங்கில் பலசரக்குக் கடை போட்டு நன்றாக வந்தார். பல் கட்ட அவரிடம் வசதி இருந்தது. கட்டவில்லை. அப்பாவின் செத்தவீட்டில் பெட்டிக்கு முன்னால் வாயைத் திறந்து அழுதபோது அந்த இடைவெளியைப் பார்த்து, ஐம்பது வயதை நெருங்கும்போதுதான், எனக்குத் துவக்குப்பிடியின் சத்தம் வேறு மாதிரிக் கேட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது மாசி மாதம் நடந்தது. அப்பா இன்னும் உள்ளே இருந்தார். சித்தப்பாவைக் குரோய்டனில் இன்னும் விசாரிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை என்னை எழுப்பினார்.

“வா, காட்டுக்குப் போட்டு வருவம்.”

“ஏன்?”

“பாக்கோணும்.”

மாசி வெயில். புகார் இல்லை. ஓக் மரத்தின் கீழ் நின்று பார்த்தோம். காடு என்று நாங்கள் சொன்னது ஒரு தோப்பு. அந்த இடத்திலிருந்து நான் எண்ணினேன். பதினேழு யன்னல். ஒழுங்கை, பஸ் தரிப்பிடம், தரிப்பிடத்தில் நின்ற ஒரு கிழவரின் தொப்பி, எல்லாம் தெரிந்தன. குட்டைக்கு அப்பால் வேலி எலும்பு எலும்பாகக் கிடந்தது. சித்தப்பா ஏறிப் பரண் பலகைகளைக் கழற்றிக் கீழே போட்டார். பிறகு புல்வெளிக்கு மேலால் நேரே அந்த வீட்டை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

“சித்தப்பா, எங்கை போறியள்?”

“அந்த மனுசியிட்டை. நான் சொல்லுறன், நீ அப்பிடியே சொல்லு. குதிரையை முதல் சுட்டது நான்தான் எண்டு. அண்ணையை விடச் சொல்லு.”

“உங்களைப் பிடிப்பாங்கள்.”

“பிடிக்கட்டும். மூண்டு மாசமாய் எனக்குச் சோறு இறங்கேல்லை.”

கதவு தட்டுமுன் திறந்தது. அந்தப் பெண் எங்களைப் பார்த்தார். சித்தப்பாவின் வாயைப் பார்த்தார். அவர் கை வாய்க்குப் போயிற்று. நான் ஒரு சொல் பேசுமுன் அவர் பேசினார்.

“உங்கள் இருவரையும் எனக்குத் தெரியும். வெடிச் சத்தம் கேட்டு இந்த யன்னலால் பார்த்தேன். இலை இல்லாத காலத்தில் எனக்கு இங்கிருந்து எல்லாம் தெரியும். அந்த மனிதன் துவக்கால் இவரை அடித்ததைப் பார்த்தேன். உன்னைக் கழுத்தில் பிடித்துத் தள்ளியதைப் பார்த்தேன். பொலிசுக்கு உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் வெளியே வந்து உங்களைப் பழிவாங்குவான் என்று பயந்தேன். என் குதிரை போனது போனதுதான். அப்படிப்பட்ட மிருகம் உள்ளே இருக்கட்டும். பிள்ளை, நீங்கள் இப்போது நிம்மதியாக இருக்கிறீர்களா?”

“என்ன சொல்லுறா?” என்றார் சித்தப்பா.

நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கண்டேன் என்கிறார், அப்பாவை மிருகம் என்கிறார், நாங்கள் தப்பிவிட்டோமா என்று கேட்கிறார் என்று.

சித்தப்பாவின் வாய் திறந்தது. அவர் சொல்லக் கொண்டுவந்த வார்த்தை அந்த இரண்டு பல் இடைவெளியில் நின்றதை நான் பார்த்தேன். என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். இந்தப் பெண் தன்னைக் காப்பாற்றிய கதைக்குள் அண்ணை தன்னைக் காப்பாற்றிய கதை அப்படியே அடங்கியிருந்தது. ஒன்றை உடைத்தால் மற்றதும் உடையும். உடைந்தால் அண்ணை குத்திய குத்து வீண். அந்த முகத்தில் இதெல்லாம் ஓடியது என்று இன்று சொல்கிறேன். அன்று அவர் திறந்த வாயை மூடியது மட்டும்தான் தெரிந்தது.

அந்தப் பெண் அவருடைய தோளில் கை வைத்தார்.

தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் சித்தப்பா சொன்னார்.

“தாங்க் யூ.”